அடியில் கிடக்கும் நவம்பர்

டாவோஸில் ஒக்டோபர் கடைசியில் விழும் முதல் பனியை ஊரில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. கடைக்காரர் வாசலைக் கூட்டித் தள்ளுவார். பத்து மணி வெயிலில் தெரு காய்ந்துவிடும், பின்னேரம் புல் மறுபடி தெரியும். பருவம் தொடங்க இன்னும் நாள் இருக்கிறதென்று பாதி ஹோட்டல்கள் பூட்டியே கிடக்கும். ஆனால் மேலே, வடக்குப் பார்த்த சரிவுகளில், மாரி முழுக்க வெயில் எட்டாத பள்ளங்களில், அந்தப் பனி கரையாது. முழங்காலளவுகூட இராது, ஆனாலும் கிடக்கும். இந்த ஊரில் தொண்ணூறு வருடமாக நடக்கும் பனிச்சரிவு ஆராய்ச்சியில் பாதி, கரையாமல் கிடக்கும் அந்த அரை முழப் பனியைப் பற்றியது.

நான் பனியில் பிறந்தவனில்லை. வடமராட்சியிலிருந்து கிளம்பி, எண்பதுகளின் கடைசியில் அகதியாக வந்து, இந்த மாநிலத்துக்கு அனுப்பப்பட்டு, மலைமேல் இருந்த ஒரு சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவத் தொடங்கினவன். சுவிஸ் தமிழரில் பலருக்கு இதே கதைதான், அதனால் விரிக்கவில்லை. அந்தக் குசினி ஜன்னலுக்கு எதிரே ஒரு வடக்குச் சரிவு இருந்தது. மத்தியானக் கூட்டம் முடிந்து சட்டி தேய்க்கும் நேரத்தில் அதில் ஆட்கள் ஏறுவது தெரியும். லிஃப்ட் ஓடும் மலையில் லிஃப்ட்டை விட்டுவிட்டு, சறுக்குப் பலகையின் அடியில் பின்னுக்கு வழுக்காத பட்டையை ஒட்டிக்கொண்டு, இரண்டு மூன்று மணி நேரம் மூச்சிரைக்க ஏறி, கால் மணி நேரத்தில் இறங்கிவிடுவார்கள். முதலில் எனக்கு இது பைத்தியக்காரத்தனமாகத்தான் பட்டது. இன்றைக்கும் பாதி அப்படித்தான் படுகிறது. மாரியில் ஓரிரு முறை ஹெலிகொப்டர் வந்து அந்தப் பக்கம் வட்டமடிக்கும்; அன்றைக்குக் குசினியில் ஒருவரும் கதைக்க மாட்டார்கள். அந்தச் சரிவு ஏன் சில வருடங்களில் மட்டும் ஆளைக் கொல்கிறது என்று கேட்கத் தொடங்கியதில்தான் இந்த வரலாற்றுக்குள் வந்து சேர்ந்தேன்.

பழைய ஆட்கள் மலைக்குப் பயந்தது வேறு விதம். பதின்மூன்றாம் நூற்றாண்டின் கடைசியில் வால்சர்கள் என்ற மலைக்குடியானவர்கள் இந்தப் பள்ளத்தாக்கில் வந்து குடியேறினார்கள். மாரியில் அவர்களுக்கு மேலே போக வேலை இல்லை. உயரத்துக் கொட்டில்களில் அடைத்து வைத்த புல்லை வண்டியில் சறுக்கி இறக்குவதற்கு மட்டும் போவார்கள். மற்றபடி வீட்டுக்குள் இருந்தார்கள், பனி அவர்களைத் தேடி வந்தது. டாவோஸுக்குக் கீழே ஃபிரவுன்கிர்ஹ் என்ற இடத்தில் ஒரு சின்னத் தேவாலயம் இருக்கிறது. 1602இல் வந்த பெரிய சரிவு அந்தப் பகுதியைப் புரட்டிப்போட்டது. அதற்குப் பிறகு தேவாலயத்தின் மலைப்பக்கச் சுவரை ஆப்பு வடிவில் கூராகக் கட்டினார்கள், அடுத்த முறை வருவது இரண்டாகப் பிளந்து இரு பக்கமும் போகட்டும் என்று. பஸ்ஸில் போகும்போது இன்றும் பார்க்கலாம். அன்டர்மாட் ஊரார் அதற்கும் முந்தியவர்கள்: ஊருக்கு மேலே மிஞ்சியிருந்த காட்டில் மரம் வெட்டக் கூடாதென்று 1397இலேயே எழுதிக் கையெழுத்து வைத்தார்கள். காடு போனால் ஊர் போகும் என்பது அவர்கள் சாவு எண்ணிக் கற்ற பாடம்.

இந்த அறிவை முதலில் ஏட்டில் ஏற்றியவர் யோஹான் கோவாஸ் என்ற வன அதிகாரி. 1850இல் பிஸ் பெர்னினா உச்சியில் முதலில் கால் வைத்தவரும் இவர்தான், நில அளவை வேலையாகப் போன இடத்தில். பிறகு நாட்டின் தலைமை வனப் பரிசோதகர் ஆனார். 1876இல் வனச் சட்டம் வந்தது. 1881இல் சுவிஸ் அல்ப்ஸின் பனிச்சரிவுகளைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். எந்தப் பள்ளத்தால் எது இறங்குகிறது, எவ்வளவு காட்டை அழித்தது, எங்கே சுவர் கட்டலாம் என்பதே அவருடைய கேள்வி. பனி எதனால் உடைகிறது என்பது அந்தக் காலத்தில் யாருக்கும் அவசரமான கேள்வி இல்லை. நிறையப் பனி விழுந்தால் சரியும், அவ்வளவுதான்.

கேள்வியை மாற்றியது இரண்டு மரப்பலகை. டாவோஸில் குதிரைச் சேணம் தைக்கும் டோபியாஸ் பிராங்கர் 1889 பாரிஸ் கண்காட்சியில் நோர்வேக்காரரின் சறுக்குப் பலகைகளைக் கண்டார். வரவழைத்து, தம்பி யோஹானஸோடு பழகினார். ஊரார் சிரிப்பார்கள் என்று இருட்டின பிறகுதான் பழகினார்களாம். அப்போது டாவோஸ் காசநோய்க்காரரின் ஊர். மனைவியின் காசநோய்க்காக அங்கே வந்திருந்த ஆர்தர் கோனன் டொயிலை, ஷெர்லாக் ஹோம்ஸை எழுதியவரைத்தான், அண்ணனும் தம்பியும் கூட்டிக்கொண்டு 1894 மார்ச் 23ஆம் தேதி மையன்ஃபெல்டர் ஃபூர்க்கா கணவாய் கடந்து அரோசாவுக்குப் போனார்கள். டொயில் அதை அந்த வருடமே ஓர் ஆங்கிலச் சஞ்சிகையில் சிரிப்பும் பெருமையுமாக எழுதினார். இறங்கும்போது உட்கார்ந்தே சறுக்கியதில் காற்சட்டை தேய்ந்த கதையும் அதில் உண்டு. சறுக்குவதற்காகவே ஆங்கிலேயர் நூற்றுக்கணக்கில் சுவிஸுக்கு வரும் காலம் வரும் என்று சொன்னதும் பலித்தது. அவர் போனது மார்ச் கடைசி என்பதை மட்டும் யாரும் கவனித்துச் சொல்வதில்லை. நாலைந்து மாதம் விழுந்து, அமுங்கி, இறுகின பனி அது. அதே கணவாயை அதே மூவரும் டிசெம்பரில் கடந்திருந்தால் ஹோம்ஸ் கதைகள் எத்தனையோடு நின்றிருக்குமோ.

சிறுவயதில் டாவோஸில் வளர்ந்த வில்ஹெல்ம் பவுல்கே 1897 ஜனவரியில் நான்கு நண்பர்களோடு பெர்ன் மாநிலத்தின் பனியாற்று மலைகளைச் சறுக்குப் பலகையில் குறுக்கே கடந்தார். ஐரோப்பா வாயைப் பிளந்தது. இரண்டு வருடம் கழித்து, 1899இல், அந்த ஐவரில் எஹ்லர்ட், மொன்னிக்ஸ் என்ற இருவர் சுஸ்டன் கணவாய்ப் பக்கம் பனிச்சரிவில் செத்தார்கள். பவுல்கே பிறகு கார்ல்ஸ்ரூவில் புவியியல் பேராசிரியர் ஆனார். பாறை அடுக்குகளை வாசிக்கிறவர், பனியையும் வெட்டி அடுக்கடுக்காக வாசிக்கத் தொடங்கினார். அந்தச் சாவுகள்தான் அவரை அங்கே கொண்டுபோயின என்று சொல்ல என்னிடம் சான்று இல்லை. ஆனால் பனிக்குள் குழி தோண்டி, தரையோடு கிடக்கும் தளர்ந்த மணிப் பனியே மேல் அடுக்கை வழுக்க விடுகிறது என்று அடித்துச் சொன்ன முதல் ஆட்களில் அவர் ஒருவர்.

இடையில் முதல் உலகப் போர் வந்தது. போராளிக்கும் சரி, படைவீரனுக்கும் சரி, எந்த இடத்தில் நிற்பது என்பது அவன் முடிவு இல்லை. இதை எங்கள் ஊர் ஆட்களுக்கு விளக்கத் தேவையில்லை. 1916 டிசெம்பர் 13ஆம் தேதி மார்மொலாடா மலையில் ஒஸ்திரிய-ஹங்கேரியப் படை முகாமின்மேல் இறங்கிய சரிவில் 270 பேர் அளவில் மடிந்தார்கள். அந்த மாரி முழுக்க இரு தரப்பிலும் ஆயிரக்கணக்கில் பனியே கொன்றது. ஒஸ்திரியச் சறுக்குக் கலையின் ஆசான் மத்தியாஸ் ஸ்டார்ஸ்கியும் அதே வருடம் பெப்ரவரியில் சரிவில் அகப்பட்டு, உடலெங்கும் எலும்பு முறிந்து உயிர் தப்பினார். நூறு வருடம் கழித்தும் இந்தக் கணக்கு மூடப்படவில்லை. 2016 பெப்ரவரி 3ஆம் தேதி சியாச்சினில் சோனம் காவல் நிலை புதைந்தபோது அகப்பட்டவர்கள் மெட்ராஸ் ரெஜிமென்ட்டின் 19ஆவது பட்டாலியன் ஆட்கள் பத்துப் பேர். நான்கு பேர் தமிழ்நாட்டுக்காரர். அந்தக் கிழமை சமையல் செய்தபடி ரேடியோவில் கேட்டுக்கொண்டிருந்தேன். ஆறாம் நாள் ஒருவரை உயிரோடு எடுத்தார்கள் என்றதும், ஊர் பெயர் தெரியாத அந்தக் கன்னடப் பையனுக்காகக் குசினியில் நின்றவர்கள் எல்லோரும் கும்பிட்டோம். அவரும் 11ஆம் தேதி இறந்தார்.

டாவோஸ் கதைக்குத் திரும்புகிறேன். 1931இல் பனி, பனிச்சரிவு ஆராய்ச்சிக்கென்று சுவிஸில் ஒரு குழு அமைந்தது. காசு கொடுக்கக் காரணம் இருந்தவர்கள் வனத்துறை, ரயில், மின்சாரம். ஆனால் அதே வருடங்களில் டாவோஸில் இன்னொன்று நடந்தது. பார்சென் மலை ரயில் 1932இல் வைஸ்ஃப்ளூயோஹ் வரை, 2,600 மீட்டருக்கு மேலே, போய்ச் சேர்ந்தது. 1934 கிறிஸ்மஸுக்கு முதல் நாள் போல்கன் சரிவில் ஆட்களைக் கயிற்றால் இழுத்து ஏற்றும் இயந்திரம் ஓடத் தொடங்கியது. முன்பு மார்ச்சில் பிராங்கர் சகோதரர் போன்ற ஆட்கள் மட்டும் போன உயரத்துக்கு, இப்போது டிசெம்பரில் யாரும் ரிக்கெட் வாங்கிப் போகலாம். தடித்த, கிழண்ட பனியில் பழகிய விளையாட்டு, மெல்லிய, இளம் பனிக்கு வந்து சேர்ந்தது இப்படித்தான். இதுதான் இந்த வரலாற்றின் திருப்பம் என்பது என் எண்ணம். ஊரை அழிக்கும் சரிவுக்கு அளவற்ற பனி வேண்டும். சறுக்குகிறவனைக் கொல்லும் சரிவுக்கு அது தேவையில்லை. பனி குறைந்த மாரியிலேயே அவனுக்கு ஆபத்துக் கூட.

ஏன் அப்படி என்று கண்டவர்கள் 1936இல் வைஸ்ஃப்ளூயோஹில் ஒரு பனிக்குடிசைக்குள் ஆய்வுகூடம் போட்ட சில இளைஞர்கள். ரொபர்ட் ஹேஃபெலி சிவில் பொறியியலாளர், மண்ணின் தாங்குதிறன் அவர் துறை. ஹென்றி பாடர் படிகவியல் படித்தவர். சூரிச்சிலிருந்து கனிமவியல் பேராசிரியர் பவுல் நிக்லி அவர்களை இயக்கினார். பனியை வானிலையின் ஒரு பகுதியாக இவர்கள் பார்க்கவில்லை. ஒருவர் மண்ணாகப் பார்த்தார், இன்னொருவர் பாறையாகப் பார்த்தார். கூம்பு முனை வைத்த உலோகக் கம்பியைப் பனிக்குள் நிறுத்தி, மேலிருந்து ஒரு கிலோ எடையை விழவிட்டு, ஒவ்வோர் அடிக்கும் எவ்வளவு இறங்குகிறது என்று குறித்தால் அடுக்குகளின் உறுதி கீழ்வரை தெரிந்துவிடும்; ஹேஃபெலி செய்த கருவி அது. 1939இல் பனியும் அதன் உருமாற்றமும் பற்றிய அவர்களுடைய புத்தகம் வந்தது. அமெரிக்க இராணுவம் 1954இல் அதை ஆங்கிலத்தில் ஆக்கிவைத்தது.

அவர்கள் சொன்னதன் சாரம்: விழுந்த பனி விழுந்தபடி இருப்பதில்லை. தரை கோடை முழுக்க வாங்கின சூட்டை வைத்திருக்கிறது. பனி மூடினால் பனியின் அடிப்பாகம் பூச்சியப் பாகைக்குப் பக்கத்திலேயே நிற்கும். மேற்பரப்போ, தெளிந்த நவம்பர் இரவில் −15க்குப் போய்விடும். இடையில் இருப்பது 40 சென்டிமீட்டர் பனி என்றால், மீட்டருக்கு 37 பாகைக்கு மேல் வித்தியாசம். இரண்டு மீட்டர் பனி என்றால் அதே இரவில் மீட்டருக்கு ஏழு சொச்சம்தான். ஏறக்குறைய பத்துப் பாகையைத் தாண்டினால் விஷயம் மாறுகிறது. அடியிலிருந்து நீராவி மேலே ஏறும், ஏறி அடுத்த மணியின் கீழ்ப்பக்கத்தில் உறையும், சின்ன மணிகள் அழிந்து பெரிய மணிகள் வளரும். வளர்கிறவை கோணம் கோணமாக, கிண்ணம் கிண்ணமாக வளரும், ஒன்றோடொன்று ஒட்டாது. தடித்த பனிக்குள் இதற்கு நேர்மாறு: மணிகள் உருண்டு, தொடும் இடத்தில் ஒட்டி, இறுகும். ஆகவே நவம்பரில் அரைகுறையாக விழுந்துவிட்டு வானம் மூன்று கிழமை வெளித்து நின்றால், அந்த வருடத்துக்கான அத்திவாரம் கெட்டது என்று அர்த்தம். வெயிற்பக்கச் சரிவில் அந்தப் பனி உருகியே போயிருக்கும், கேடில்லை. நிழற்பக்கத்தில் இருக்கும்.

இதைப் புத்தகத்தில் வாசித்தது பிறகு. முதலில் கையால் தொட்டது, லிஃப்ட்டில் வேலை செய்து ஓய்வுபெற்ற ஒரு பெரியவர் காட்டி. காலையில் பனி ஆழம் அளந்து டாவோஸ் பனிச்சரிவு ஆராய்ச்சி நிறுவனத்துக்கு அறிவிக்கும் அவதானிகள் நாடெங்கும் இருநூறு பேர் அளவில் இருக்கிறார்கள். இவர் அப்படி ஒருவர். ஒரு டிசெம்பர் தொடக்கத்தில், என்னுடைய லீவு நாளில், சாய்வு குறைந்த ஓர் இடத்துக்குக் கூட்டிப்போய் மண்வாரியைக் கையில் தந்து தரை தெரியும் வரை வெட்டச் சொன்னார். இடுப்பளவுகூட இல்லை, பத்து நிமிட வேலை. வெட்டின முகத்தை நேராகச் சீவிவிட்டுக் கையை வைத்தார். மேல் அடுக்கில் முட்டி அப்படியே போனது. அதற்குக் கீழே காற்று அடித்து இறுக்கிய பலகைபோன்ற அடுக்கு. அதில் ஒரு விரல்கூடப் போகவில்லை, பென்சிலைக் குத்தினார். அதற்கும் கீழே, தரையோடு ஒரு சாண் உயரத்துக்கு, முட்டி மறுபடி தடையின்றிப் போனது. போன கையை அள்ளி வெளியே எடுத்தார். கையுறையின் விரல் இடுக்கால் எல்லாம் கொட்டியது. ஆனையிறவு உப்பளத்தில் குவித்து வைத்த கல்லுப்பு அப்படித்தான் கொட்டும்.

"உருட்டிப் பார்," என்றார்.

உருண்டை வரவில்லை. மணிகளைக் கோடு போட்ட ஒரு கறுப்புத் தகட்டில் தூவி, நகைக்கடைக்காரர் வைத்திருக்கும் வகைக் கண்ணாடியைத் தந்தார். ஒவ்வொரு மணியும் நாலு மில்லிமீட்டருக்குக் குறையாது, பக்கங்களில் படிப்படியாக வரி, நடுவில் குழி.

"இது எப்ப விழுந்தது?"

"ஒக்டோபர் இருபத்தெட்டு," என்றார் யோசிக்காமல். "கராஜில் காருக்கு இன்னும் கோடைச் சில்லுதான் பூட்டியிருந்தது. மனிசி ஏசினாள்." பிறகு மண்வாரியால் அந்த அடுக்கைத் தட்டிக்காட்டினார். "இனி மேலே என்ன விழுந்தாலும் இதன்மேல்தான் விழும்."

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் சுவிஸ் இராணுவம் தன் மலைப் படைகளுக்குப் பனிச்சரிவுச் சேவை ஒன்றை நடத்தியது. 1942இல் நிரந்தர நிறுவனம் என்று முடிவாகி, மலைமேல் கட்டடம் எழுந்தது. போர் முடிந்த 1945 மாரியில் அந்த நிறுவனம் பொதுமக்களுக்கான பனிச்சரிவு அறிக்கையை வெளியிடத் தொடங்கியது. அப்போது கிழமைக்கு ஒன்று, இப்போது மாரியில் நாளுக்கு இரண்டு, பின்னேரம் ஐந்து மணிக்கும் காலை எட்டு மணிக்கும். அங்கே வேலை செய்தவர்களில் ஆந்த்ரே ரொக் என்ற மலையேறியும் ஒருவர். 1947இல் கங்கோத்ரிப் பக்கம் சதோபந்த் சிகரத்தில் முதலில் ஏறிய குழுவில் இருந்தவர். அந்தப் பயணத்தில் டென்சிங்கும் உண்டு, எவரெஸ்டுக்கு ஆறு வருடம் முந்தி.

1950-51 மாரி பழைய விதமான சாவைத் திரும்பக் கொண்டுவந்தது. ஜனவரி 20ஆம் தேதி வால்ஸ் ஊரில் 19 பேர், அன்டர்மாட்டில் 13 பேர்; பெப்ரவரியில் அல்ப்ஸின் தெற்குப் பக்கம் ஐரோலோவில் 10 பேர். அந்த மாரியில் சுவிஸில் மட்டும் 98 பேர். அமெரிக்காவிலிருந்து படிக்க வந்த எட் லாஷப்பெல் என்ற இளைஞர் அந்த மாரியை டாவோஸ் நிறுவனத்தில் கழித்தார்; ஊருக்குப் போய் யூட்டா மாநிலத்து ஆல்டாவில் அமெரிக்கப் பனிச்சரிவு ஆராய்ச்சிக்கு அடித்தளம் போட்டவர்களில் அவர் ஒருவர். சுவிஸ்காரர் மலை உச்சிகளில் இரும்பு வேலி கட்டினார்கள், மரம் நட்டார்கள், எந்தக் காணியில் வீடு கட்டலாம் கட்டக்கூடாது என்று சிவப்பு, நீலம் பூசி வரைபடம் போட்டார்கள். 1999 பெப்ரவரியில் ஏறக்குறைய அதே அளவு பனி விழுந்தபோது சுவிஸில் இறந்தவர்கள் 17. ஒன்றும் சின்னத் தொகை இல்லை, எவொலேன் ஊரில் மட்டும் 12 பேர். ஆனால் 98 இல்லை. ஒஸ்திரியாவில் கால்டூர், வால்சூர் இரண்டிலும் சேர்ந்து 38 பேர் போனதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கவேண்டும். பனிச்சரிவோடு வாழும் இந்த அறிவை 2018இல் யுனெஸ்கோ இரு நாடுகளின் பெயரிலும் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அதில் பெரும்பங்கு ஊரைக் காத்த அறிவு.

மலைக்குப் போகிறவனை வேலி காக்காது. இன்று சுவிஸில் வருடத்துக்குச் சராசரி இருபதுக்கு மேல் சாகிறார்கள், பத்தில் ஒன்பது பேர் தாங்களாகத் தேடிப் போனவர்கள். அகப்படும் சரிவையும் பெரும்பாலும் அவர்களோ கூட வந்தவரோதான் அறுத்துவிட்டிருப்பார்கள். இவர்களுக்காக வேறொரு கருவிப்பெட்டி வளர்ந்தது. 1968இல் ஜோன் லோட்டன் என்ற அமெரிக்கப் பொறியியலாளர் புதைந்தவரைத் தேடும் வானொலிக் கருவி செய்தார். ஆளுக்கொரு அலைவரிசை என்று கொஞ்சக் காலம் இழுபட்டு, கடைசியில் உலகமெங்கும் 457 கிலோஹேர்ட்ஸ் என்று நின்றது. அது ஏன் ஒவ்வொருவர் நெஞ்சிலும் இருக்கவேண்டும் என்பதை 1994இல் நேச்சர் இதழில் வந்த ஒரு கட்டுரை எண்ணில் காட்டியது: புதைந்த 15 நிமிடத்துக்குள் எடுத்தால் நூற்றுக்கு 92 பேர் பிழைக்கிறார்கள், 35 நிமிடத்தில் 30 பேர்தான். 2024இல் வந்த புதிய கணக்கு அந்த முதல் அவகாசத்தையே பத்து நிமிடமாகக் குறைத்துவிட்டது. ஹெலிகொப்டர் கிளம்பி வருவதற்குள் முடிந்துவிடும். கூடப் போனவன்தான் தோண்டவேண்டும்.

தோண்டுவதற்கு முன்பு தவிர்ப்பது எப்படி? இதில்தான் பெரிய சண்டை. இராணுவத்தில் வழங்கி, டாவோஸில் பவுல் ஃபொன் என்ற ஆய்வாளர் ஒழுங்குபடுத்திய ஒரு சோதனை உண்டு. சரிவில் இரண்டு மீட்டர் அகலத்துக்கு, மேல்நோக்கி ஒன்றரை மீட்டர் நீளத்துக்குப் பனியை நாலு பக்கமும் வெட்டித் தனியாக்கி, அதன்மேல் பலகையோடு ஏறி நின்று, குதித்து, எப்போது வழுக்குகிறது என்று பார்ப்பது. நல்ல சோதனைதான். ஆனால் பெர்ன் மாநிலத்து மலை வழிகாட்டி வெர்னர் முன்டர் கேட்டார்: இங்கே தாங்குகிறது, இருபது மீட்டர் தள்ளியும் தாங்குமா? ஒரே சரிவில் பனி இடத்துக்கு இடம் வேறு என்பதை அளந்து காட்டி, ஒரு குழியை நம்பி முழுச் சரிவில் இறங்காதே என்றார். அறிக்கை சொல்லும் ஆபத்து நிலை, சரிவின் சாய்வு, அது பார்க்கும் திசை, கூட்டத்தின் அளவு, இவற்றை வைத்துக் கூட்டிக் கழித்து முடிவெடுக்கும் முறையை 1990களில் கொண்டுவந்தார். 1993இல் ஐரோப்பிய நாடுகள் ஆபத்தை ஒன்றிலிருந்து ஐந்துவரை எண்ணுவதற்கு ஒத்துக்கொண்டதும் அவருக்குக் கைகொடுத்தது. குழி வெட்டி வளர்ந்த ஆட்களுக்கு அவர்மேல் கோபம். எங்கள் பெரியவரும் முன்டரின் பெயரைக் கேட்டால் மூக்கைச் சுளிப்பார். என்னைக் கேட்டால், குழி வெட்டுவது அந்த இடத்தைத் தெரிந்துகொள்வதற்கு இல்லை, அந்த வருடத்தைத் தெரிந்துகொள்வதற்கு. அடியில் நவம்பர் எப்படிக் கிடக்கிறது என்பது இருபது மீட்டர் தள்ளினாலும் பெரிதாக மாறாது.

தொடக்க மாரியில் ஒரு பொறி இருக்கிறது. நவம்பர் கடைசியில், டிசெம்பர் தொடக்கத்தில், சறுக்க ஆசைப்படுகிறவன் எங்கே போவான்? பனி இருக்கும் இடத்துக்கு. தெற்குப் பக்கம் புல்லும் கல்லும். பனி இருப்பது உயரத்தில், நிழலில், ஒக்டோபர் பனி கரையாமல் நின்ற சரிவில். புதிதாக முப்பது சென்டிமீட்டர் விழுந்ததும் எல்லோரும் அங்கேதான் ஓடுகிறார்கள். ஏழு மாதம் காத்திருந்த கால்கள் வேறு. அறிக்கை மூன்றாம் நிலை என்கிறது. ஐந்தில் மூன்று என்றால் நடுத்தரம் என்று மனம் எடுத்துக்கொள்கிறது. சாவுகள் அதிகம் பதிவாவது அந்த மூன்றில்தான். சாய்வு 35 முதல் 40 பாகை, சறுக்கத் தோதான சாய்வும் அதுவே, உடையத் தோதான சாய்வும் அதுவே. உடைவது சின்னத் துண்டாக இருந்தாலும், அந்தப் பருவத்தில் கீழே கல்லை மூடப் பனி போதாது. ஆளைக் கல்மேல் இழுத்துக்கொண்டு போகும்.

அது உடையும் விதம் 2008வரை சரியாக விளங்கவில்லை. மேல் அடுக்கு கீழ் அடுக்கின்மேல் வழுக்கிப் போகிறது என்றே நெடுங்காலம் எண்ணினார்கள். ஹையர்லியும் கூட்டாளிகளும் அந்த வருடம் சயன்ஸ் இதழில் எழுதியது வேறு: தளர்ந்த மணி அடுக்கு ஓரிடத்தில் பொடிந்து அமர்கிறது, மேலே உள்ள பலகை சில மில்லிமீட்டர் இறங்குகிறது, அந்த அமர்வு பக்கவாட்டில் ஓடுகிறது. சமதரையில் நிற்கிறவன் மிதித்தாலும் ஓடிப்போய் மேலே சரிவைக் கழற்றும். ஓடும்போது அடித்தொண்டையில் உறுமுவதுபோல் ஒரு சத்தம் வரும். மலைக்காரர் அந்தச் சத்தம் கேட்டால் பேச்சை நிறுத்திவிட்டுத் திரும்பிவிடுவார்கள். மலைவாசிகளுக்குத் தலைமுறையாகத் தெரிந்திருந்த சத்தத்துக்குக் கணக்கு வந்து சேர இவ்வளவு காலம்.

நிறுவனம் 1996இல் மலையிலிருந்து டாவோஸ் டோர்ஃபுக்கு இறங்கிவிட்டது, கண்ணாடி ஜன்னல் வைத்த கட்டடம், பக்கத்தால்தான் நான் வேலைக்குப் போவேன். மேலே 2,500 மீட்டருக்குச் சற்றுக் கூடின உயரத்தில் இருக்கும் அளவைத் திடலில் 1936இலிருந்து மாரி நாள் தவறாமல் பனி ஆழம் குறிக்கப்படுகிறது. தானியங்கி நிலையங்கள் நாடெங்கும் வந்துவிட்டன, ஆனாலும் மண்வாரியோடு போகிற ஆளை அவை இன்னும் வீட்டுக்கு அனுப்பவில்லை. மணியை எடுத்து உருட்டிப் பார்க்க ஒரு கை வேண்டியிருக்கிறது.

என் மகள் இங்கே பிறந்தவள். பள்ளிக்கூடச் சறுக்கு முகாமில் பழகி, இப்போது அந்த ஜன்னலில் நான் பார்த்த பைத்தியக்காரக் கூட்டத்தில் ஒருத்தி. போன டிசெம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் ஐந்து மணி அறிக்கையை மேசையில் வைத்துக்கொண்டு சிநேகிதர்களோடு போனில் வாதாடினாள். உள்ளே குளிர்ந்த பள்ளத்தில் தூள்போலப் பனி இருக்கிறது, அங்கே போகலாம் என்றது ஒரு கட்சி. அறிக்கையில் பழைய பனி அடுக்கு பலவீனம், வடக்கு, 2,200 மீட்டருக்கு மேல் என்று இருந்தது. "அப்பா, அந்தத் தாத்தா அண்டைக்கு வெட்டின குழியில அடி எப்பிடி இருந்ததாம்?" என்று கேட்டாள். நான் போனில் அவரைப் பிடித்துக் கொடுத்தேன். ஐந்து நிமிடம் கதைத்தார்கள். மறுநாள் எல்லோரும் முப்பது பாகைக்குக் குறைந்த, வெயில்பட்ட ஒரு மேய்ச்சல் சரிவுக்குப் போனார்கள். அங்கே பனியைவிடக் கல் கூட. பலகையின் அடி இரண்டு இடத்தில் கிழிந்து, விளிம்பு இரும்பும் வளைந்து வந்தது. திருத்தக் கடையில் எண்பது பிராங்க் கேட்டார்கள். அவள் மாணவி, காசில்லை என்றாள்; நான் கட்டினேன்.